மூன்று ஆண்டு முடிந்தும் நிரந்தரக் கடிதம் வரவில்லை

மேல் மாகாணத்தில் ஒரு மாகாணப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சட்டத்தரணியான எனக்கு எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 31. சொந்த ஊர் பண்டாரவளைப் பக்கம். கணவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு, இரண்டு வயதுக் குழந்தை. முதலில் கொழும்பிலுள்ள ஒரு சர்வதேசப் பாடசாலையில் நான்கு ஆண்டு வேலை செய்திருக்கிறார். கலைப் பட்டம் முடித்து, போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து, இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் பெற்று இப்போது மூன்று ஆண்டும் ஐந்து மாதமும் ஆகின்றன. அவருடன் நியமனம் பெற்ற நால்வரில் மூவருக்குச் சேவையில் உறுதிப்படுத்தும் கடிதம் வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால், "கோவை இங்கே இல்லை, பிறகு வாருங்கள்" என்கிறார்களாம். வீட்டுக்கடன் கேட்டுப் போன வங்கி அந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே மறுத்துவிட்டது.

"பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யாததால் என் தற்காலிக லைசன்ஸ் காலாவதியாகிவிட்டதா? பிரசவ விடுமுறை எடுத்ததால் என்னைக் கழித்துவிட்டார்களா? மெல்போர்னில் இருக்கும் அண்ணா அங்கே தற்காலிகப் பதிவு, முழுப் பதிவு என்று இரண்டு இருப்பதாகச் சொல்கிறார். நான் அந்தத் தற்காலிகத்திலேயே நின்றுவிட்டேனா? மாலைதீவில் ஒரு பாடசாலை கூப்பிடுகிறது. பேசாமல் போய்விடலாமா?" என்று கேட்கிறார். நியமனக் கடிதத்தின் பிரதியையும், பதினான்கு மாதங்களுக்கு முன் பாடசாலை வழியாக வந்த ஒரு சிங்களக் கடிதத்தின் படத்தையும் இணைத்திருக்கிறார்.

டீச்சர், உங்கள் கேள்விகளுக்கு உள்ளே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை போகவில்லை. போகும் நிலையில் இருப்பதாகவும் நீங்கள் அனுப்பிய தாள்களில் எதுவும் காட்டவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அது போகட்டும்.

உங்கள் பயத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது: லைசன்ஸ். இலங்கையில் மருத்துவர் மருத்துவச் சபையில் பதிய வேண்டும், என்னைப் போன்ற சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அரச பாடசாலை ஆசிரியருக்கு அப்படித் தனியான அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லை. காலாவதியாகிற, புதுப்பிக்கிற தாளும் இல்லை. இங்கே இருப்பது நியமனம். நியமனக் கடிதம் கிடைத்த நாளிலேயே நீங்கள் ஆசிரியர் சேவைக்குள் வந்துவிட்டீர்கள். முதல் மூன்று ஆண்டும் தகுதிகாண் காலம். அது திருப்தியாக முடிந்தால் நியமனம் உறுதிப்படுத்தப்படும்.

அண்ணா சொல்வதும் அவருடைய ஊருக்குச் சரிதான். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் புதிய ஆசிரியருக்கு முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். குறைந்தது 80 நாள் வகுப்பில் கற்பித்து, தன் வேலையைச் சான்றுகளுடன் காட்டிய பிறகே முழுப் பதிவு. இங்கிலாந்தில் 2021 செப்டெம்பரிலிருந்து புதிய ஆசிரியரின் அறிமுகக் காலம் இரண்டு ஆண்டாக நீண்டிருக்கிறது. அங்கெல்லாம் பதிவு ஆசிரியரின் கையில் இருக்கும், வேலை தேடிப் போகிற இடமெல்லாம் கூடவே போகும். இங்கே நிரந்தரம் என்பது உங்களுக்கும் உங்களை நியமித்த அதிகாரிக்கும் இடையிலான விடயம். அண்ணா வேறு வீட்டின் திறப்பைத் தந்து உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

மூன்று ஏணிகளை ஒன்றாகப் பார்க்கிறீர்கள்

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு என்னைத் தேடி வரும் இளம் ஆசிரியர்களில் பலரிடமும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். சேவையில் உறுதிப்படுத்தல் ஒரு விடயம். 3ஆம் வகுப்பிலிருந்து 2ஆம் வகுப்பு, 1ஆம் வகுப்பு என்று மேலே போகும் தரமுயர்வு இன்னொன்று. பட்டப்பின் கல்வி டிப்ளோமா போன்ற தொழிற்றகைமை மூன்றாவது. ஒன்றுக்கொன்று உதவும், ஆனால் ஒன்று மற்றொன்று ஆகாது.

உங்கள் நியமனக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உறுதிப்படுத்துவதற்கு அதில் கேட்கப்பட்டிருப்பவை: மூன்று ஆண்டு தகுதிகாண் காலத்தில் வேலையும் நடத்தையும் திருப்தியாக இருத்தல், முதலாவது வினைத்திறன் தடையை (சேவையின் தொடக்கத்தில் தாண்ட வேண்டிய தகுதி மதிப்பீடு) தாண்டுதல், மருத்துவத் தகுதி, கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்ற உறுதிப்படுத்தல். டிப்ளோமாவை மூன்று ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் நியமனம் இரத்தாகும் என்று எந்த வரியும் இல்லை. வேறு ஆட்சேர்ப்பில் வந்த தோழியின் கடிதத்தில் வேறு நிபந்தனை இருக்கலாம். அது அவரைக் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல. சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்க்காதீர்கள். உங்கள் நியமனக் கடிதத்தையும், 2014 ஒக்டோபரில் அதிவிசேட வர்த்தமானியில் வெளியான ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பையும் (அந்தச் சேவையின் விதிகள்), அதற்குப் பின் வந்த திருத்தங்களையும் பாருங்கள்.

"பயிற்சி முடிக்காதவளுக்கு நிரந்தரம் கிடையாது" என்று சித்தி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மலையகத்தில் ஆசிரிய உதவியாளராக இருந்தவர் என்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவிலும், பின்னர் 10,000 ரூபாயிலும் முழு ஆசிரியரின் வேலையைச் செய்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியை முடித்த பின்னரே சேவைக்குள் உள்வாங்கப்படலாம் என்பது அவர்களுக்கு விதித்த நிபந்தனை. பஸ் கட்டணத்துக்கும் போதாத காசில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஒருவருக்குத் 'தற்காலிகம்' என்ற சொல் எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் தோட்டப் பாடசாலையில் கற்பித்தவர். ஆனால் சித்தி சேவையின் வாசலுக்கு வெளியே நின்று காத்திருந்தார். நீங்கள் உள்ளே நிற்கிறீர்கள். அவருடைய அனுபவம் உண்மை, உங்களுக்கு அது பொருந்தாது.

அதற்காக டிப்ளோமாவை மறந்துவிடச் சொல்லவில்லை. தரமுயர்வுக்கு அது வேண்டும். கொழும்பில் இருப்பதால் உங்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம். குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று நினைத்தால் அதிலும் தவறில்லை. உறுதிப்படுத்தும் கடிதம் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.

பிரசவ விடுமுறை

உயிருள்ள குழந்தை பிறந்தால் அரச ஊழியருக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை. அதற்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளத்துடனும், இன்னொரு 84 நாள் சம்பளமின்றியும் எடுக்கலாம். இது யாரும் இரங்கித் தருவது அல்ல, அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவை தரும் உரிமை. முழுச் சம்பள விடுமுறை மட்டுமே எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சேவை முறிவதில்லை. "பிள்ளை பெறப் போனவர்கள் கடைசியில்தான்" என்று பாடசாலையில் ஒருவர் சொன்னாராம். அவர் எந்தச் சட்டத்தை வாசித்தாரோ தெரியவில்லை, நான் வாசித்த எதிலும் அப்படி இல்லை. சம்பளமற்ற விடுமுறையும் எடுத்தவர்கள், அந்த நாட்களை அலுவலகம் எப்படிக் கணக்கிட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சிங்களக் கடிதம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், "இதையும் அனுப்புகிறேன், எல்லாருக்கும் வருகிற கடிதம்தான் என்று பாடசாலையில் சொன்னார்கள்" என்று ஒரு படத்தை இணைத்திருந்தீர்கள். அது எல்லாருக்கும் வந்த கடிதம் அல்ல. உங்கள் பெயருக்கு வந்தது. நேரடியாகச் சொன்னால், உங்கள் நிரந்தரம் நின்றுபோயிருப்பது பெரும்பாலும் அந்த ஒற்றைத் தாளில்தான்.

அதில் இருப்பது இதுதான்: உங்களை உறுதிப்படுத்துவதற்கான ஆவணங்களைத் தயார் செய்கிறோம், சுயவிபரக் கோவையில் சுகாதாரம் 169 மருத்துவ அறிக்கை இல்லை, ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். நீங்கள் பதில் அனுப்பவில்லை. கோவை அப்படியே ஓர் அலமாரிக்குள் போயிருக்க வேண்டும். பகையோ பழிவாங்கலோ இதில் எனக்குத் தெரியவில்லை. பார்க்கப்போனால், மூன்று ஆண்டு முடிவதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் உங்கள் கோவையை எடுத்துத் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

நியமனம் கிடைத்த வாரத்திலேயே ஊரில் அரச மருத்துவமனையில் பரிசோதனை முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிக்கை இடையில் எங்கோ தவறியிருக்கிறது. மருத்துவமனைப் பதிவில் தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அலுவலகத்திடம் புதிய படிவம் வாங்கி மறுபடியும் பரிசோதனை செய்துகொள்ளலாம். அலைச்சல்தான், ஆனால் தீராத சிக்கல் அல்ல.

வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாததற்காக உங்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. உங்கள் சொந்தப் பணி குறித்த கடிதத்தைத் தமிழிலும் தாருங்கள் என்று கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. தமிழ்ப் பாடசாலைத் தமிழ் ஆசிரியைக்குத் தமிழில் ஒரு வரி எழுத முடியாத நிர்வாகம் வெட்கப்பட வேண்டும், நீங்கள் அல்ல. ஆனாலும் அக்கறையோடு ஒன்று சொல்கிறேன். இனி உங்கள் பெயருக்கு எந்த மொழியில் கடிதம் வந்தாலும், அன்றைக்கே சிங்களம் நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் வரிக்கு வரி கேட்டுக்கொள்ளுங்கள். "ஒன்றும் முக்கியமில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

மூன்று ஆண்டு முடிந்த மறுநாளே நிரந்தரம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தீர்கள். வராது. உறுதிப்படுத்துகிறோம் என்ற கடிதம் கையில் வந்தால்தான் நிரந்தரம். அதுவரை நீங்கள் தகுதிகாண் நிலையில் இருப்பவராகவே கருதப்படுவீர்கள். அந்த நிலையில் உள்ளவரைச் சேவையிலிருந்து நீக்குவது, உறுதிப்படுத்தப்பட்டவரை நீக்குவதைவிட நிர்வாகத்துக்கு எளிது. பயமுறுத்தச் சொல்லவில்லை. வாயால் கேட்டுக் காத்திருந்தது போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1. அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நியமனத் திகதி, கடமையேற்ற திகதி, வினைத்திறன் தடையைத் தாண்டிய திகதி, மருத்துவ அறிக்கை பற்றி வந்த கடிதத்தின் இலக்கம், இப்போது இணைக்கும் அறிக்கை. ஒரு பக்கம் போதும். மனக்குறை எதையும் அதில் எழுத வேண்டாம். உரிய திகதியிலிருந்து உறுதிப்படுத்தித் தருமாறு கேளுங்கள். "உரிய திகதியிலிருந்து" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அலுவலகம் பிந்திய மாதங்கள் உங்கள் சேவைக் கணக்கில் குறையக் கூடாது.

2. அதிபர் ஊடாகக் கொடுக்கும் கடிதத்தின் முற்பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் நேரே அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இது அதிபரைத் தாண்டிப் போவது ஆகாது. அவரிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள். "யாரையும் பகைக்காதே" என்று அவர் சொன்னது உங்கள் நன்மைக்காகவே இருக்கலாம். கடிதம் எழுதுவது பகை அல்ல.

3. கோவை இல்லை என்றே மீண்டும் சொன்னால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். என் கோவை எங்கே, கடைசியாக எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, என்னென்ன ஆவணங்கள் குறைவு. இந்த மூன்றையும் தமிழில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். காணாமல் போன பல கோவைகள் இந்த விண்ணப்பத்துக்குப் பிறகு கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

4. கோவையின் சாரத்தை நீங்களும் வீட்டில் ஒன்று வைத்திருங்கள். நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், பொது 160 உடன்படிக்கை, பொது 278 சத்தியப்பிரமாணம், பட்டச் சான்றிதழ் உறுதிப்படுத்தல், விடுமுறை அனுமதிகள், எல்லாவற்றின் பிரதியும்.

வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். தாள் குறைவாக இருக்கும்போது நீதிமன்றம் போனால், முதலில் தாளைக் கொடுங்கள் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் கொடுத்த பின்னும் பதில் வராவிட்டால், நீங்கள் மாகாண ஆசிரியர் என்பதால் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையிடுவது அடுத்த படி. அதுவும் பயனில்லை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்யுமாறு கட்டளையிடக் கேட்கும் மனு. தேசிய பாடசாலை ஆசிரியருக்குப் பாதை வேறு. அவருக்கு அரசாங்க சேவை ஆணைக்குழு, அதன் தீர்மானத்துக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. உங்களை உறுதிப்படுத்த மறுத்து எழுத்தில் கடிதம் வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்தை "பார்ப்போம், பார்ப்போம்" என்று கடத்திவிட்டுக் கண்ணீரோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது என் தொழிலில் எனக்கு மிகவும் கடினமான வேலை.

மாலைதீவுக்குப் பேசாமல் போவது பற்றி

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. அனுமதியில்லாமல் கடமைக்கு வராதவரைப் பதவியைக் கைவிட்டவராகக் கருதத் தாபனக் கோவை இடம் தருகிறது. மூன்றரை ஆண்டு உழைத்தது ஒரு கடிதத்தில் போய்விடும், திரும்பி வரும்போது வாசல் திறந்திருக்காது. வெளிநாட்டு வேலைக்குச் சம்பளமற்ற விடுமுறையில் போக 2022இல் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 வழி திறந்தது. அதைக் காட்டி யாராவது உங்களைத் தைரியப்படுத்தக்கூடும். அது விண்ணப்பித்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எழுத்தில் அனுமதி பெற்றவர்களுக்கானது. இன்றைக்கு உங்கள் நிலைக்கு அது பொருந்துமா என்று வலயத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுமதிக் கடிதம் கையில் வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். என் எண்ணத்தைக் கேட்டால், முதலில் நிரந்தரக் கடிதத்தை வாங்குங்கள். அதன் பிறகு போவதா இருப்பதா என்று கணவருடன் அமைதியாக இருந்து யோசிக்கலாம்.

அண்ணாவின் ஊருக்கே ஒருநாள் போக எண்ணமிருந்தால், அங்கேதான் அந்த டிப்ளோமா உண்மையில் கனமானது. விக்டோரியாவில் பதிவதற்கு ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து குறைந்தது நான்கு ஆண்டு உயர்கல்வி வேண்டும். உங்களுடையது மூன்றாண்டுப் பட்டம். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 கேட்கிறார்கள். இங்கே நிரந்தரமானவரா என்பதை வைத்து அங்கே பதிவு கொடுப்பதில்லை.

மீதமிருக்கும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேசப் பாடசாலையில் செய்த நான்கு ஆண்டு அரச சேவைக் கணக்கில் சேராது. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு தேவை என்பதால் அதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் கட்டிய ஊழியர் சேமலாப நிதி உங்களுடையது. ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச பதவியில் சேர்ந்தவர், 50 வயது வரை காத்திராமல் அதை மீளப்பெற விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கு முற்பணம் தேடும் உங்களுக்கு அது நினைவில் இருக்கட்டும்.

உங்கள் தங்கை பாடசாலையில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர். உங்களைவிட அதிக பாடவேளை கற்பித்தும் அவரை ஆசிரியர் என்று சொல்வதில்லை என்று கேட்கும் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவர் வேறொரு சேவையில் இருக்கிறார். எத்தனை ஆண்டு கற்பித்தாலும் அந்தப் பதவி தானாக ஆசிரியர் பதவியாக மாறாது. ஆசிரியர் சேவைக்கான வர்த்தமானி அறிவித்தல் வரும்போது வயதெல்லை தாண்டுவதற்கு முன் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை தான் கற்பித்த வகுப்புகள், பாடவேளைகள், பெறுபேறுகள் எல்லாவற்றையும் அதிபரின் கையொப்பத்துடன் ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வாங்கி வைக்கட்டும்.

திங்கட்கிழமை அரை நாள் விடுமுறை போட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சுகாதாரம் 169 படிவத்தைக் கேளுங்கள். மருத்துவர் நிரப்பிக் கையொப்பமிட்டதும், உங்கள் கையில் தந்தால், கொடுப்பதற்கு முன் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடிதத்துடன் போகட்டும். மற்றது வீட்டில் இருக்கட்டும்.